முன் சீட்டில் பட்டாணி

அத்தியாயம் 14

பட்டாணியை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், பிறகு அழுததற்காகச் சிரித்தார்கள். எந்த வண்டியில் அழைத்துப் போவது என்ற பேச்சு அடுத்த நாள்தான் கிளம்பியது. கிளம்பியதிலிருந்து மாமனாரும் மருமகனும் ஒருவரோடு ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் அது நல்ல அறிகுறி அல்ல.

இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வீட்டில் பாப்பா என்றால் முப்பத்தோரு வயதுப் பெண். கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து லென்ஸ் பொருத்துகிறவள். பிறந்த அன்று அப்பா அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார், நிறுத்த மறந்துவிட்டார். அவளுக்கே ஒரு பாப்பா பிறந்தபோது அந்தப் பெயர் காலியாக இல்லை. அதனால்தான் குறைமாதத்தில் அவசரப்பட்டு வந்த அந்தச் சின்ன உருவத்துக்குப் பட்டாணி என்று பெயர் நின்றுவிட்டது. "பாப்பா சாப்பிட்டாளா?" என்று மாமனார் வார்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நர்ஸ் பால் எத்தனை மில்லி என்று சொல்லுவார். அவர் கேட்டது மகளின் மத்தியானச் சாப்பாட்டை.

பாப்பாவின் கணவன் மின்னல். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் மேற்பார்வையாளன். ஒரு திருகைக்கூட மூன்று தரம் சரிபார்க்காமல் கையை எடுக்கமாட்டான். அந்த நிதானத்தைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலாக வைத்த பெயர் அது. அப்பேர்ப்பட்டவனிடம் இருப்பதோ தரையோடு தரையாகப் பதுங்கிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே இரண்டு சீட்டு.

மாமனார் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து வெகுகாலம் ஆகிறது. தேறாதவர்களிடம் ஃபெயில் என்று சொல்ல வாய் வராமல் "மறுபடி வாங்க" என்பார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'மறுபடி சார்'. மின்னலையும் இரண்டு தடவை அப்படி அனுப்பி வைத்தவர்தான். அப்படி அலைந்ததில்தான் மின்னல் அவர் மகளைப் பார்த்தான் என்பது பழைய கதை.

இன்றைக்குக் காலையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில், மின்னல் அந்தச் சிவப்புக் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு குழந்தை சீட்டைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் கார் ஷோரூமில் வாங்கியது அல்ல. எஞ்சின் செத்து, யாரோ ஒருவர் வீட்டு மரத்தடியில் சருகுக்குள் கிடந்ததை வாங்கி வந்து, விடுமுறை நாளையெல்லாம் அதற்குக் கொடுத்து, தன் கையாலேயே ஓட வைத்தான். அதை வேறு யாரும் ஓட்டியதில்லை. கேட்கவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

குழந்தை விஷயத்தில் அவன் கண்மூடித்தனமாக எதுவும் செய்துவிடவில்லை. பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட்டுக்கு முன்னால் ஏர்பேக் விரிந்தால் குழந்தைக்கு அது எமன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் காரில் அந்தப் பக்கத்து ஏர்பேக்கைச் சாவி போட்டு அணைத்து வைக்கும் வசதி இருந்தது. அணைத்திருந்தான். அணைந்திருப்பதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியிருந்தான். கார் கம்பெனியின் கையேட்டில் அந்தப் பக்கத்தை இத்தனை தரம் படித்ததில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது.

மாமனாரின் பிஸ்கட் நிற நான்கு கதவு கார் வந்து பக்கத்தில் நின்றது. அவர் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் நகருங்க மாப்பிள்ளை."

மின்னல் நகர்ந்தான். அவர் குழந்தை சீட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. சீட்டின் தோள் பெல்ட்டுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். காரை ஒருமுறை அணைத்து மறுபடி கிளப்பச் சொல்லி, மஞ்சள் விளக்கு திரும்ப எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். நிமிரும்போது முழங்கால் சத்தம் போட்டது.

"பொருத்தினது சரியா இருக்கு," என்றார்.

அந்த வாயிலிருந்து முதல் தடவையே 'சரி' கிடைத்ததில் மின்னலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"ஆனா இது குழந்தையை ஏத்துற வண்டி இல்ல."

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. இருவரும் குரலை உயர்த்தவே இல்லை. இடித்தால் முதல் அடி முன்னால்தான் விழும் என்றார் மாமனார். லாரிக்காரன் கண்ணுக்கு இவ்வளவு தாழ்வான வண்டி தெரியவே தெரியாது என்றார். இப்படிப் பறக்கிற வண்டியில் உட்கார்ந்தால் காலுக்குத் தானாகவே கனம் வந்துவிடும் என்றும் சொன்னார். மின்னல் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான். சைக்கிள் வேகத்தில்தான் போகப்போகிறான். நெடுஞ்சாலைப் பக்கமே போகாமல் உள்தெரு வழியாக வரப்போகிறான். பிரேக் பிடித்தால் அவர் வண்டி நிற்பதற்குள் இது நின்று, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடும்.

மாமனார் கடைசியாக ஒன்று கேட்டார். பாப்பா எங்கே உட்காருவாள்?

உங்கள் வண்டியில், பின்னாலேயே வருவாள் என்றான் மின்னல். அவளிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, போய்ச் சொல்ல வேண்டும் என்றான்.

மாமனார் பதில் சொல்லாமல் தூணைப் பார்த்தார். தேர்வு நேரத்தில் அவர் எதுவும் பேசாமல் வெளியே பார்த்தால் என்ன அர்த்தம் என்பதில் மின்னலுக்கு இரண்டு முறை அனுபவம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பாப்பா பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இத்தனை வாரமாக ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் சோப்புப் போட்டுக் கழுவியதில் அவள் புறங்கை சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெடித்திருந்தது. கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளை வழியாக அந்தக் கையை விட்டுத்தான் மகளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சில நாளுக்கு முன்னால்தான் பட்டாணி சாதாரணத் தொட்டிலுக்கு வந்தாள்.

மின்னல் உற்சாகமாகவே சொன்னான். தானும் பட்டாணியும் சிவப்பு வண்டியில், அவளும் அப்பாவும் பின்னால். வழியெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

பாப்பா அவனையே பார்த்தாள்.

"அப்ப நான்?"

"அதான், பின்னாடியே..."

"இத்தனை நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். இன்னைக்கும் ஒரு கார் கண்ணாடி வழியாத்தான் அவளைப் பாக்கணுமா?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் தொட்டில் துணியை மடித்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகக் கேட்டாள். மின்னலின் கையேட்டில் இந்தக் கேள்விக்குப் பக்கம் இல்லை. வேண்டுமானால் நீ ஓட்டு, நான் பின்னால் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். தையல் இன்னும் ஆறாதவளிடம் அதையும் சொல்ல முடியாது என்று உடனே புரிந்தது.

அந்த நேரத்தில் வார்டு சிஸ்டர் வந்தார். குறைமாதக் குழந்தைகளை அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு, வண்டியில் வைக்கப்போகிற சீட்டை மேலே எடுத்து வாருங்கள் என்றார். இந்தக் குழந்தைகளுக்குக் கழுத்தில் பலம் கிடையாது. சாய்ந்து உட்கார்ந்தால் சில சமயம் தலை முன்னால் விழுந்து, மூச்சுப் போகிற வழி மடங்கிவிடும். அதனால் வீட்டுக்குப் போகிற நேரத்துக்கும் கூடுதலாகவே அந்த சீட்டில் உட்கார வைத்து, காலில் வயரை மாட்டி, மானிட்டரில் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம்.

அத்தனை கச்சிதமாகப் பொருத்திய சீட்டைக் கழற்றி மேலே கொண்டு வந்தான் மின்னல். பட்டாணியை அதில் வைத்தபோது, பெரிய ஆபீசரின் நாற்காலியில் யாரோ ஒற்றைப் பட்டாணியை மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மாமனார்கூடச் சிரித்துவிட்டார். பட்டைகளை மாட்டினார்கள். பாதத்தில் சின்னச் சிவப்பு வெளிச்சத்தோடு வயர். மானிட்டரில் எண்கள் நிதானமாக ஓடின.

முதலில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருந்துகளை எப்படிக் கொடுப்பது என்று காட்டுவதற்காக சிஸ்டர் அவளையும் மாமனாரையும் அறையின் மறுகோடிக்குக் கூப்பிட்டார். மின்னல் நாற்காலிக்கு வந்தான்.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மகளின் மூக்கு பாப்பாவுடையதா தன்னுடையதா என்று ஆராய்ந்தான். மூடிய இமைக்குள் விழி உருள்வதைப் பார்த்தான். பிறகு கீழே ஏதோ பேச்சுக்குரல் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். யாரோ இரண்டு பேர் சிவப்புக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் தன் பையைத் தூக்கி அதன் முன்மூடியின் மேல் வைத்துவிட்டுச் செல்போனில் படம் எடுத்தான். பையின் இரும்பு வளையம் பெயிண்டைக் கீறுமோ என்று மின்னல் எழுந்து எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான்.

மானிட்டர் கத்தியது.

திரும்பியபோது பட்டாணியின் முகவாய் நெஞ்சில் புதைந்திருந்தது. உதடு ஊதா நிறத்தில் இருந்தது. அவள் அழவில்லை, கையை ஆட்டவில்லை, எந்தச் சத்தமும் செய்யவில்லை. ஒரு குழந்தை தூங்குகிற மாதிரியேதான் இருந்தது. மின்னலின் இரண்டு கையும் காற்றில் நீட்டியபடி நின்றன. எங்கே தொடுவது என்று தெரியவில்லை.

சிஸ்டர் ஓடி வரவில்லை, ஆனால் அடுத்த நொடி அங்கே இருந்தார். ஒற்றை விரலால் முகவாயை நிமிர்த்தினார். உள்ளங்காலைத் தேய்த்துவிட்டார். பட்டாணி ஒரு பெருமூச்சு விட்டாள். எண்கள் ஏறின. ஊதா போய்ப் பழைய நிறம் வந்தது. பாப்பா அதற்குள் வந்து சேர்ந்து, தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்காகத்தானே இந்தச் சோதனையே, பயப்படாதீர்கள் என்றார் சிஸ்டர். சீட்டின் சாய்வை ஒரு படி இறக்கினார். இரண்டு சின்னத் துண்டுகளைச் சுருட்டித் தலைக்கு இருபுறமும் அணைகட்டினார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். மின்னல் கண் சிமிட்டுவதைக்கூட யோசித்துச் செய்தான். பட்டாணி எல்லாரையும் அலட்சியப்படுத்திவிட்டு அயர்ந்து தூங்கினாள். தலை சாயவில்லை.

"இன்னைக்குப் போகலாம்," என்றார் சிஸ்டர். "ஆனா வழி முழுக்கப் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து, இவளை மட்டும் பாத்துக்கிட்டே போகணும். தலை சாஞ்சா உடனே நிமிர்த்தணும். கழுத்து நிக்கிற வரைக்கும் இப்படித்தான்."

அவருக்குச் சிவப்புக் காரைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். பாப்பா கணவனைப் பார்க்கவில்லை. மாமனார் தன் செருப்பைப் பார்த்தார்.

மின்னல் வெளியே நடைக்கூடத்துக்குப் போனான். சிறிது நேரம் கழித்து மாமனார் பின்னால் போனார். அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்தார். அவரிடம் வேகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச்சு தயாராக இருந்தது. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்தது. இப்போது அதை எடுக்கவில்லை.

"நான் பாத்துட்டுதான் இருந்தேன் மாமா," என்றான் மின்னல். "ஒரு நிமிஷம்கூட இல்ல. வண்டி மேல எவனோ பையை வெச்சான். அதைப் பாத்தேன்."

அவர் தலையாட்டினார்.

"ரோட்டுல நான் எத்தனை தடவை அவ பக்கம் திரும்ப முடியும்? சீட்டு பின்னாடி பாத்து இருக்கு. முகமே தெரியாது. அதை நான் யோசிக்கவே இல்ல. ஏர்பேக், பெல்ட்டு, பிரேக்கு எல்லாம் யோசிச்சேன்."

"நானும் யோசிக்கல மாப்பிள்ளை. வேகம், லாரி, அது இதுன்னு என்னென்னமோ பேசினேன். இந்தக் கழுத்தை யோசிக்கல."

சக்கர நாற்காலியில் யாரையோ தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு மின்னல் சொன்னான். சொல்லும்போது மாமனார் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தான்.

"இத்தனை நாளும் எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல மாமா. பால் அவ கொடுத்தா. மத்ததெல்லாம் சிஸ்டருங்க பாத்தாங்க. நான் சும்மா நின்னேன். வண்டி ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதையாவது என் கையால செய்யணும்னு இருந்துச்சு."

மாமனார் சட்டைப் பையில் கையை விட்டார். பிஸ்கட் வண்டியின் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த வேலையை யாரும் உங்ககிட்ட இருந்து பிடுங்கல. இதுல ஓட்டுங்க. பாப்பா பின்னாடி உக்காரட்டும்."

மின்னல் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான். ஏசி குளிர் என்று மாமனார் தானாகவே ஒரு காரணம் சொல்லிவிட்டு எழுந்தார்.

கீழே வந்ததும் புதுச் சிக்கல். மாமனார் அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதில்லை. துணி அழுக்காகிவிடும் என்பார். வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் பாதி அங்கேயே தங்கிவிடும். பாப்பா சின்ன வயதிலிருந்து கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்ட விஷயம். இப்போது பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழந்தை சீட்டு அந்த வழுவழுப்பில் நகர்ந்தது. மின்னல் மூன்று தரம் இறுக்கிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி மாமனாரைத் திரும்பிப் பார்த்தான்.

மாமனார் அவனை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்தார். விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. பின் சீட்டு உறை தீபாவளி வெடி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு கிழிந்து வந்தது. அடியில் அழகான நீலத் துணி, நேற்று நெய்தது போல. இந்த நிறம் தனக்கே மறந்துபோயிற்று என்றார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது தையல் வலித்ததால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

சீட்டு அசையாமல் உட்கார்ந்தது. மாமனார் உலுக்கிப் பார்த்தார். பிறகு மின்னல் உலுக்கினான். திருப்தியில்லாமல் மாமனார் இன்னொரு முறை உலுக்கினார்.

சிவப்புக் காரை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போக முடியாது. மின்னல் தன் சாவியை எடுத்தான். கொடுக்க நீட்டிய கை கொஞ்சம் பின்வாங்கியது. கிளட்ச் முரடு என்றான். இரண்டாவது கியருக்குச் சற்றுக் கெஞ்ச வேண்டும் என்றான். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், மிதிக்க வேண்டாம் என்றான்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார், "எனக்கு லைசென்ஸ் இருக்கு."

அவர் அந்தக் காருக்குள் உட்காரவில்லை, விழுந்தார். முதலில் ஒரு கால், பிறகு தலை, பிறகு மிச்சம். கதவை மூடியதும் அவர் வழுக்கை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

பிஸ்கட் கார் முதலில் கிளம்பியது. மின்னல் ஓட்டிய வேகத்தை வேகம் என்று சொல்லக் கூடாது. ரொட்டிக் கூடையோடு சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் அவர்களைத் தாண்டிப் போனார், போகிறபோது என்ன பழுது என்கிற மாதிரி சக்கரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் மின்னல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பின்னால் பாப்பா ஒரு விரலைப் பட்டாணியின் முகவாய்க்குக் கீழே, தொடாமல், தயாராக வைத்திருந்தாள்.

"இருக்காளா?" என்று சிக்னலுக்குச் சிக்னல் கேட்டான்.

"இருக்கா. நீ ரோட்டைப் பாரு."

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் சொன்னான், அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்று. ஆஸ்பத்திரி ஜன்னலை நினைத்தாலே அதன்மேல் ஒரு வெறுப்பு வருவதாகவும் சொன்னான்.

பாப்பா கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே பேசினாள்.

"வண்டி என்ன பண்ணுச்சு? பாவம், அது பாட்டுக்கு நின்னுட்டு இருந்துச்சு. இவ முதல் தடவை உதைச்சது அதுலதான், ஞாபகம் இருக்கா? நீ கிளப்பினே, இவ உதைச்சா. நான் அணைக்கச் சொன்னேன், நின்னுட்டா. மறுபடி கிளப்பச் சொன்னேன்."

"பன்னெண்டு தடவை கிளப்ப வெச்சே. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துட்டார்."

"எனக்கு அந்த வண்டி பிடிக்கும்டா. அதுல எனக்கு எடம் இல்லாமப் போனதுதான் பிடிக்கல."

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். உடனே சாலைக்குத் திரும்பிக்கொண்டான். காலையில் உன்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் முடிவு செய்தது தப்பு என்றான். அவள் ம் என்றாள். அந்த 'ம்'மில் பாதிக் கோபம் கரைந்திருந்தது. மீதிப் பாதியை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருக்கலாம். வெடித்துப் போன அவள் புறங்கை கண்ணாடியில் தெரிந்தது. மருந்துக் கடையில் நிறுத்தி ஏதாவது களிம்பு வாங்கவா என்று கேட்டான். நிறுத்தாதே, போ என்றாள். குரல் முன்பைவிட மெதுவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, பட்டாணியைச் சீட்டிலிருந்து எடுத்துச் சமமான தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்த பிறகுதான் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னால் வந்திருக்க வேண்டிய சிவப்புக் கார் வரவில்லை. எந்தத் திருப்பத்தில் அது கண்ணாடியிலிருந்து மறைந்தது என்று மின்னலுக்கு நினைவில்லை. அவன் அதைத் தேடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தேநீர் போட்டார்கள். மாமனாருக்கும் ஒரு கோப்பையில் ஊற்றி மூடி வைத்தார்கள். போன் செய்து பார்த்தார்கள், அவர் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத மனிதர்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். மின்னல் கிளட்ச்சை நினைத்தான். பாப்பா அதைவிட மோசமானதையெல்லாம் நினைத்தாள். குழந்தை ஒருமுறை எழுந்து பால் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கியும் ஆயிற்று. பால்கனிக்கும் தொட்டிலுக்குமாக நடந்து நடந்து மின்னலுக்குக் கால் ஓய்ந்தது. தேடிக்கொண்டு போகலாம் என்று அவன் செருப்பை மாட்டிய நேரத்தில், தெருக்கோடியில் அந்த அடித்தொண்டை உறுமல் கேட்டது.

எஞ்சின் சீராக இருந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றிய இடம்கூட மிகச் சுத்தமாக இருந்ததை மின்னல் பொறாமையோடு கவனித்தான்.

மாமனார் மேலே வந்தார். காதோரத்தில் இருந்த கொஞ்ச முடியும் காற்றில் எழுந்து நின்றது. எப்போதும் கழுத்து வரை பூட்டியிருக்கும் சட்டையில் மேல் பொத்தான் திறந்திருந்தது. எங்கே போனீர்கள் என்று மகள் கேட்டதற்கு, சும்மா ஒரு சுற்று என்றார். போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தொட்டில் ஓரம் நின்று பேத்தியைப் பார்த்தார்.

"தலை சாஞ்சுதா?"

"ஒரு தடவைகூட இல்லப்பா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். மேஜைக்கு வந்து உட்கார்ந்து, மூடி வைத்திருந்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அந்த பிஸ்கட் வண்டியை நீங்களே வெச்சுக்கோங்க. முன் சீட்டு உறையையும் கிழிச்சுடுங்க."

அப்படியானால் நீங்கள் எதில் போவீர்கள் என்று மின்னல் கேட்டான்.

"சிவப்புல."

பாப்பா அப்பாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, காலையில அது பாதுகாப்பான வண்டி இல்லன்னு சொன்னது நீங்கதானாமே."

"குழந்தைக்குச் சொன்னேன். எனக்குக் கழுத்து நிக்கும்."

மின்னல் சிரித்துவிட்டான். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் மாற்றுவதை மட்டும் நானே செய்வேன் என்றான். மாமனார் அதற்குச் சம்மதித்தார். எனக்குப் பின் சீட்டு எதற்கு, யாரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன், இரண்டு சீட்டே தாராளம் என்றார். பேச்சு முடிந்தது என்பது போலக் கோப்பையை எடுத்தார்.

பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த பொத்தானைப் பார்த்தாள். கலைந்த முடியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு சீட்டு போதுமேப்பா," என்றாள். "ரெண்டாவது யாருக்கு?"

மாமனார் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.